அடுத்த மாடலுக்குக் காத்திருந்த கடைவாய்ப்பல்

பல்வலி வந்தால் டாக்டரிடம் போகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போவார்கள், வாயைத் திறப்பார்கள், மூடுவார்கள், வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். பல் டாக்டர் பெயர்ப்பலகையைக் கண்டாலே எதிர்ப் பிளாட்பாரத்துக்கு மாறிவிடுகிற பயந்தாங்கொள்ளிகளையும் விட்டுவிடுவோம். பாவம், பயம் என்று ஒப்புக்கொள்ளவாவது செய்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டிலும் சேராத ஓர் உயர்ந்த பிறவியைப் பற்றி. பல் வைத்தியத்தில் உலகத்தில் எந்த மூலையில் என்ன புதுமை வந்தாலும் இவருக்கு முதலில் தெரியும். லேசரா, கேட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் ஊசியா, அரைமணி நேரம் விளக்குவார். அத்தனை புதுமையும் ஊரார் வாய்க்குள் போய்ச் சேர இவர்தான் காரணம். இவர் வாய்க்குள் மட்டும் எதுவும் போய்ச் சேராது. இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அடுத்த மாடல்காரர்.

எங்கே பார்க்கலாம் இவரை? எங்கேதான் இல்லை? காலை ஆறு மணிக்கு நடேசன் பூங்காவில் நடக்கிறவர்களுக்கு நடுவே இருப்பார், மயிலாப்பூர்க் கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் இருப்பார், அடையாறில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் வரிசையில் உங்களுக்கு முன்னால் இருப்பார். நீங்கள் காபியை உறிஞ்சும்போது கன்னத்தை லேசாகச் சுளித்தால் போதும். "கூச்சமா? மேலயா, கீழயா?" என்று நாற்காலியை நெருக்கிப் போடுவார். அதற்கப்புறம் உங்கள் காபி ஆறித்தான் போகும்.

எனக்கு வாய்த்தவர் தனபாலன் அண்ணாச்சி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவர். கல்லாவில் அவர் மனைவி பேச்சியம்மாள் இருப்பார், வாசலில் அண்ணாச்சி இருப்பார். இட்லிக் கொப்பரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வரேங்க" என்று நழுவப் பார்க்கிற அம்மாளை அவர் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. "அடுத்த வாரமா? இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்கம்மா, நாளைக்கு இருக்காது!" என்பார். அந்தக் குரலில் இருக்கும் பதற்றத்தைக் கேட்டால் உங்களுக்கே இரண்டு கொப்பரை வாங்கத் தோன்றும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஐஸ் போட்ட மோர் குடித்தபோது அண்ணாச்சிக்குக் கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் சுருக்கென்றது. அடையாறில் டாக்டர் மாளவிகாவின் கிளினிக்குக்குப் போனார். முன்பெல்லாம் ஒரு தட்டு நிறைய ரோஸ் நிறக் களிம்பை வாய்க்குள் அப்பி, "மூக்கால மூச்சு விடுங்க" என்று ஐந்து நிமிஷம் உமட்ட வைத்து அச்சு எடுப்பார்களே, அது எதுவும் இல்லை. தடித்த பேனா மாதிரி ஒரு கேமரா வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதிரே திரையில் அண்ணாச்சியின் பற்கள் அத்தனையும், ஈறோடு, நிறத்தோடு, வெற்றிலைக் கறையோடு, அந்தரத்தில் நின்று மெதுவாகத் திரும்பின. அண்ணாச்சி சொக்கிப்போனார். அவர் கல்யாண ஆல்பத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லையாம், பேச்சியம்மாளே சொல்லியிருக்கிறார்.

டாக்டர் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "சின்னச் சொத்தைதான் சார். பல்லு நல்லா உயிரோட இருக்கு. இருபது நிமிஷத்துல அடைச்சிடலாம். இப்பவே பண்ணிடலாமா?"

"இப்பவேயா?" அண்ணாச்சி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மிஷினு என்ன மாடல்மா?"

"போன வருஷம் வாங்கினது சார். புது மாடல் வரப்போகுதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க."

உண்மை பேசியது அந்தப் பெண் செய்த தப்பு.

"அப்ப அது வரட்டும்லா!" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். "இன்னைக்குக் குக்கர் வாங்குனவன் நாளைக்குப் புது மாடலைப் பாத்து வயிறெரிவான். கடைக்காரன் எனக்குத் தெரியாதா? அந்தப் படத்தை மட்டும் என் போனுக்கு அனுப்பிருங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. அன்று முதல் அண்ணாச்சியின் போனில் பேரப்பிள்ளை படத்துக்கு முன்னால் அவருடைய தாடை வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்ணைப் பெற்றவர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நாலு ஜோசியரைப் பார்ப்பது மாதிரி, அந்தத் தாடையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி என்று கிளினிக் கிளினிக்காகப் போனார். ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு தரம் படம் எடுத்துக்கொள்வார். அது வலிக்காது அல்லவா? பிறகு மிஷினைச் சுற்றி வந்து பார்ப்பார், பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பார், அடுத்த மாடல் எப்போது என்று கேட்பார், நன்றி சொல்லி இறங்கிவிடுவார். நாலு வருஷத்தில் பதினோரு படங்கள், வைத்தியம் பூஜ்யம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அண்ணாச்சி ஊருக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. மயிலாப்பூர் பரத்வாஜ் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூங்காவில் எங்களோடு நடப்பவர். ஒருநாள் தாடையில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

"நான் போகமாட்டேன் அண்ணாச்சி. அந்தக் காலத்துல ஒரு ரூட் கேனலுக்கு ஆறு தடவை நடந்தேன். ஆத்துல எல்லாரும் அடை சாப்பிட்டுண்டு இருப்பா, நான் மட்டும் கஞ்சியைக் குடிச்சுண்டு உக்காந்திருப்பேன்."

"அதெல்லாம் மலையேறிட்டு சாமி!" அண்ணாச்சி நடையை நிறுத்தி, நடைபாதையையும் அடைத்துக்கொண்டார். "இப்ப ஊசி போடுத எடத்துல முதல்ல ஒரு ஜெல்லைத் தடவி மரத்துப்போக வைப்பாங்க. ஊசி மருந்தைக் கம்ப்யூட்டரே சொட்டுச் சொட்டா எறக்கும். வேருக்குள்ள என்ன இருக்குன்னு மைக்ராஸ்கோப் வச்சுப் பாக்குதாங்க. ஒரே தடவைல முடிஞ்சிரும். நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிப் பாட்டுக் கேளுங்க."

மாமா போனார். ஒரே தடவையில் முடிந்தது. மூன்றாம் நாள் பூங்காவுக்கு ஒரு டப்பா நிறையத் தட்டை கொண்டுவந்து, அண்ணாச்சியின் காதுக்குப் பக்கத்தில் கடித்தார். "சத்தம் கேட்டேளா? எல்லாம் உங்க புண்ணியம்!" தட்டையை அண்ணாச்சிக்கும் நீட்டினார். அண்ணாச்சி அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நானும் அவரால் பிழைத்தவன்தான். என் உடைந்த பல்லுக்கு மேலே போட வேண்டிய கிரவுனை, அச்சை எங்கோ அனுப்பிப் பத்து நாள் காக்க வைக்காமல், பக்கத்து அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மிஷின் கடைந்து கொடுத்தது. இட்லி வெந்து இறங்குகிற நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அன்று எனக்குத் துணைக்கு வந்த அண்ணாச்சி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மிஷின் ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டது அவர்தான்.

பேச்சியம்மாளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. லேசரால் சரி செய்தார்கள். அவர் அந்தப் பொங்கலுக்குக் கரும்பைப் பல்லாலேயே உரித்துக் கடித்துவிட்டு, "ஏங்க, நீங்க எப்ப?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அண்ணாச்சியிடம் வருஷத்துக்கு ஒரு பதில் உண்டு. முதல் வருஷம், மிஷின் புதுசு வரட்டும். வந்தது. இரண்டாவது வருஷம், புதுசு என்றால் ஆயிரம் கோளாறு இருக்கும், நாலு பேர் வாயில் ஓடிப் பழகட்டும். பழகியது, அந்த நாலு பேரையும் அவரே அனுப்பிவைத்தார். மூன்றாவது வருஷம் பிறந்தது ஞானோதயம். "இப்ப ஏ.ஐ. வந்துட்டுல்லா! எக்ஸ்ரேயை அதுவே படிச்சிச் சொல்லுது. ஆனா சின்னப்பிள்ளை பாத்துக்கோ. என் பல்லுல வந்தா அது பாடம் படிக்கணும்?" நடுநடுவே ஆடி மாதம், அஷ்டமி, மெட்ரோ வேலைக்காக மூடிய சாலை. பல் வைத்தியம் எவ்வளவு முன்னேறினாலும் அதைவிட ஒரு அடி முன்னால் அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்தார்.

பல் மட்டும் எங்கும் ஓடாமல் இருந்த இடத்திலேயே கெட்டுக்கொண்டிருந்தது. இதற்குச் சாட்சி அவர் போனிலேயே இருந்தது. பதினோரு படங்களையும் வரிசையாகத் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் காட்டுவார். "என்னா துல்லியம் பாத்தியா தம்பி! இது முதல் வருஷம், கடுகத்தனை. இது ரெண்டாவது வருஷம், துவரம்பருப்பு. இங்க பாரு, போன மாசம், முழுக் கொண்டைக்கடலை! ஓரம்கூட எப்படித் தெளிவாத் தெரியுது!" படத்தைப் பார்த்தார், படத்தின் தெளிவைப் பார்த்தார், குழியை மட்டும் பார்க்கவில்லை. என்னத்தைச் சொல்ல?

வீட்டில் நடந்ததைப் பேச்சியம்மாள்தான் ஒருநாள் கடையில் என்னிடம் சொன்னார். அண்ணாச்சியின் சாப்பாடு முழுக்க இடப்பக்கத்துக்குக் குடிபோய்விட்டது. கிராம்பு டப்பா அடுக்களையிலிருந்து தலையணைக்குப் போய்விட்டது. சட்டைப்பையில் போனுக்குப் பின்னால் வலி மாத்திரை அட்டை. "நல்லி எலும்பைக் கடிச்சு உறிஞ்சுத மனுஷன் தம்பி. இப்ப அப்பளத்தைச் சாம்பார்ல ஊறப்போட்டு முழுங்குதாரு. எனக்குச் சமைக்கவே பிடிக்கல" என்று சொல்லிவிட்டுக் கல்லாவை அறைந்து சாத்தினார். அந்த அம்மாளே டாக்டர் மாளவிகாவுக்கு போன் போட்டு நாள் குறித்தார். என்னையும் கூட வரச்சொன்னார்.

டாக்டர் இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. "அடைக்கிற கட்டம் தாண்டிப் போச்சு சார். ஆனா பல்லு இன்னும் நிக்குது. இன்னைக்கே ரூட் கேனல் பண்ணி மேல கிரவுன் போட்டுட்டா காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா பிளந்துக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணாச்சி உட்கார்ந்தார்! உதவியாளர் மர்சலின் அவர் கழுத்தில் நீலக் காகிதத் துணியைக் கட்டிவிட்டார். விளக்கு எரிந்தது. "வாயைத் திறங்க சார்" என்றார் மர்சலின். "ஒரே ஒரு சந்தேகம்மா" என்றார் அண்ணாச்சி. ஊசி மிஷின் எந்த நாட்டுச் சரக்கு, மைக்ராஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், கரண்ட் போனால் பாதியில் நிற்குமா என்று ஒரே ஒரு சந்தேகத்தைப் பதினைந்து நிமிஷம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கேட்க ஒன்றுமில்லாமல் வாயைத் திறக்கப்போன அந்த விநாடியில், எதிரே இருந்த திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது என்று.

"பாத்தீங்களா!" அண்ணாச்சி துள்ளி எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அதுவே சொல்லுதுல்லா, புதுசு வந்துட்டுன்னு!"

"சார், அது சும்மா சாஃப்ட்வேர் அப்டேட். படத்தைக் காட்டுறதுக்கு. உங்க பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தானாவே போட்டுக்கும்."

"போட்டுக்கட்டும்மா. நல்லாப் போட்டு முடிக்கட்டும். நான் நாளைக்கு வாரேன்."

படியிறங்கி, அடையாறு சிக்னல் வரைக்கும் விறுவிறுவென்று நடந்துவிட்டார். கழுத்தில் நீலத் துணி ஆடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடிப்போன நான் கைகாட்டி நிறுத்திய ஆட்டோக்காரர் அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, பாதி சாப்பாட்ல எந்திரிச்சு வந்துகினியா?"

அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நானும் அண்ணாச்சியும் திருவான்மியூர்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். வறுத்த கடலை விற்கிற ஆள், கன்னத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அண்ணாச்சிக்கு வேறென்ன வேண்டும்?

"பல்லா?"

"ஆமா சார். ரெண்டு நாளா ஒரே குத்து. ஆஸ்பத்திரின்னாலே கால் ஒதறிகினு கீது."

"இங்க உக்காரு" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். ஜெல் வந்தது, கம்ப்யூட்டர் ஊசி வந்தது, கேமரா வந்தது. போனை எடுத்துத் தன் பதினோரு தாடைகளையும் அந்த மனிதருக்குச் சுற்றிக் காட்டினார். பேச்சு சூடு பிடித்த வேகத்தில், நாலு வருஷமாகக் கடைப்பிடித்த இடப்பக்க விரதம் மறந்து, பொட்டலத்திலிருந்து ஒரு பிடி கடலையை வலப்பக்கம் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லுதேன் கேளு, வலியே இருக்கா..."

சத்தம் எனக்கே கேட்டது.

அண்ணாச்சி பேச்சை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. உள்ளங்கையில் துப்பினார். "கடலைல கல்லு" என்றார்.

கடலைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சொம்மா சொல்லாத சார். நம்ம கடலைல கல்லே கெடியாது. நல்லாப் பாரு. அது உன்னுது."

அண்ணாச்சி பார்த்தார். பதினோரு தடவை திரையில் பார்த்த அந்தப் பல்லை அன்றுதான் முதல் தடவையாக நேரில் பார்க்கிறார். பாதிப் பல். உள்ளே கறுப்பு. விரலால் தள்ளிப் பெரிதாக்கிப் பார்க்க வழியில்லை.

மறுநாள் காலை டாக்டர் மாளவிகா வாய்க்குள் ஒரு தரம் பார்த்துவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினார். "சாரி சார். வேர் வரைக்கும் பிளந்திருக்கு. எடுத்துடணும்."

"எதை வச்சும்மா எடுப்பீங்க? லேசரா?" அந்த நிலையிலும் கேட்டார், மனிதர்.

டாக்டர் தட்டிலிருந்து எடுத்தது குறடு. நூறு வருஷமாக வடிவம் மாறாத சாதாரண இரும்புக் குறடு. நாலு வருஷம் ஒவ்வொரு மாடலாக வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு அண்ணாச்சி கடைசியில் போய்ச் சேர்ந்த அதிநவீனக் கருவி அதுதான். ஜெல் தடவினார்கள், ஊசி சொட்டுச் சொட்டாக இறங்கியது, நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்த அண்ணாச்சி, வாயில் பஞ்சோடு, ஆச்சரியத்தோடு சொன்னார்: "வலிக்கவே இல்ல. நான் அப்பவே சொன்னேன்லா?"

யாரும் சிரிக்கவில்லை. மர்சலின் பல்லை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதைத் திறந்து பார்த்தார், மூடினார். அவ்வளவு பேருக்கு நடுவிலேயே உடைந்துவிட்டார்.

"கடைக்கு வார பொம்பளைககிட்டல்லாம் இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க, நாளைக்கு இருக்காதுன்னு தொண்டை கிழியக் கத்துதீங்களே. இத்தனூண்டு புள்ளியா இருந்தப்பவே டாக்டரம்மா சொல்லிச்சே, இருபது நிமிஷம்னு. உங்களுக்குன்னு வந்தப்ப அந்த வார்த்தை எங்க போச்சு?"

அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் மெள்ள உட்கார்ந்தார். "பயமா இருந்துச்சு, பேச்சி" என்றார்.

நாலு வருஷம் கழித்து, பதினோரு படங்கள் கழித்து, ஒரு பல் கழித்து வந்த உண்மை. பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரும் நல்ல செய்தியாக ஒன்று சொன்னார்: புண் ஆறியதும் எலும்பில் திருகு பொருத்தி மேலே புதுப்பல் வைக்கலாம். முதல் வருஷம் எடுத்த படம் அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கிறது, அந்தப் பழைய பல்லையே அச்சு அசலாகச் செய்துவிடலாம். அண்ணாச்சி தலையாட்டினார். கண்டிப்பாக வருகிறேன் என்றார். கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

போன வாரம் பூங்காவில் பார்த்தேன். புண் ஆறிவிட்டது. ஓட்டை அப்படியே இருக்கிறது. "தம்பி, எங்கயோ ஒரு நாட்டுல ஊசி கண்டுபிடிக்கானாம். போட்டா பல்லு தானா முளைக்குமாம்! இந்த நேரத்துல போயி எவனாவது திருகை மாட்டுவானா?" கடலைக்காரர் மட்டும் மறுவாரமே டாக்டர் மாளவிகாவிடம் போய் அடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறார். அண்ணாச்சியின் கணக்கில் இன்னொரு வாய்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆட்சேபணை இருக்காது. ஆனால் ஒரே ஒரு கேள்வி. இதைப் படிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து உங்கள் நாக்கு எந்தப் பல்லைத் தேடிப் போய்த் தடவிக்கொண்டே இருக்கிறது? இடப்பக்கமா, வலப்பக்கமா? எனக்குச் சொல்ல வேண்டாம். தீபாவளி போகட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், ஆபீசில் ஆடிட் ஓயட்டும் என்று உங்களுக்கும் ஒரு மாடல் வரவேண்டியிருக்கும், எனக்குத் தெரியாதா? இன்றைக்கே போய்விட்டு வந்துவிடுங்கள் சார். நாளைக்கு இருக்காது.